விளிம்புக் கணக்கு

தனித்தனியே எடுத்த படங்களை, ஒரே கேமரா ஒரே நேரத்தில் எடுத்ததுபோல் சேர்க்கும் வேலைக்குக் கம்போசிட்டிங் என்று பெயர். தமிழ் சினிமாவில் இதையும், முப்பரிமாண உருவங்கள் செய்வதையும், சண்டைக் காட்சியில் கயிற்றை அழிப்பதையும் சேர்த்து ‘சி.ஜி.’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். தொழிலுக்குள் இவை வேறு வேறு மேசைகள். புலியின் உருவத்தைச் செய்பவர் ஒருவர். அதன்மேல் ஒளி விழ வைப்பவர் இன்னொருவர். அந்தப் புலியைக் காட்டுக்குள், கதாநாயகனுக்கு இரண்டடி தள்ளி, புல்லுக்குப் பின்னால் நிற்க வைப்பவர் கம்போசிட்டர்.

இந்த வேலையைக் கற்கத் தொடங்குபவர் மென்பொருளைத் திறந்ததும் நூற்றுக்கணக்கான கருவிகள் எதிரே நிற்கும். அவற்றின் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்வதுதான் கற்றல் என்ற மயக்கம் அங்கேயே தொற்றிக்கொள்கிறது. அந்தக் கருவிகளில் பெரும்பாலானவற்றின் அடியில் ஓடுவது பள்ளிக்கூடத்துப் பெருக்கலும் கூட்டலும். கணக்கு எங்கே பிசகியது என்பதைக் காட்டிக்கொடுக்கும் இடம் விளிம்பு. உருவத்தின் நடுப்பகுதி யாருக்கும் தொல்லை தருவதில்லை. சட்டை சட்டையாகவே இருக்கும். முடியின் நுனி, வேகமாக அசையும் விரல், கண்ணாடி டம்ளர், பீடிப் புகை ஆகியவைதான் ஆளைப் பாடாய்ப் படுத்தும்.

கணினி வருவதற்கு வெகு முன்பே விளிம்போடு மல்லுக்கட்டு தொடங்கிவிட்டது. மேடை வித்தைக்காரராக இருந்து சினிமாவுக்கு வந்த பிரான்சின் ஜார்ஜ் மெலியஸ், 1898-இல் எடுத்த ஒரு சிறு படத்தில் தன் தலையைத் தானே கழற்றி மேசைமேல் வைக்கிறார். கழுத்தில் இன்னொரு தலை முளைக்கிறது. கறுப்புப் பின்னணி உள்ள இடத்தில் ஃபிலிமில் ஒளி பதியாது. அதே ஃபிலிமைப் பின்னால் சுற்றி மறுபடி ஓட்டினால் ஒளி படாத அந்த இடத்தில் இரண்டாவது படம் வந்து உட்காரும். மாஸ்க் ஷாட் இதன் உடன்பிறப்பு. லென்ஸின் முன்னே ஒரு பாதியை மறைத்து ஒருமுறை, மறுபாதியை மறைத்து இன்னொருமுறை எடுத்தால் ஒரே நடிகர் திரையில் இரண்டு பேர். 1940-இல் பி.யூ. சின்னப்பா இரு வேடமேற்ற ‘உத்தம புத்திரன்’ காலந்தொட்டுத் தமிழ் ரசிகருக்குப் பழகிப்போனவை இரட்டை வேடக் காட்சிகள். மாஸ்க் ஷாட்டில் அண்ணனும் தம்பியும் முகத்துக்கு முகம் பேசலாம். ஆனால் மறைப்பின் கோட்டைத் தாண்டி ஒருவர் மற்றவரின் தோளைத் தொட முடியாது. கோடு அசையாத கோடு.

கோடு ஆளோடு சேர்ந்து நகர வேண்டும் என்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு புது மறைப்பு தேவை. இதைத்தான் மேட் என்கிறார்கள்: ஆள் இருக்கும் இடம் ஒளியை விட்டு, மற்ற இடம் மறைத்து, நிழலுருவம்போல் இருக்கும் ஒரு கறுப்பு வெள்ளை ஃபிலிம். அமெரிக்கரான ஃபிராங்க் வில்லியம்ஸ் 1918-இல் நகரும் மேட்டுக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு பல பத்தாண்டுகள் ஆப்டிகல் பிரிண்டர் என்ற எந்திரத்தில், படம், மேட், எதிர்மேட் என ஃபிலிம்களை அடுக்கி மறுபடி மறுபடி படம்பிடித்து இந்தச் சேர்ப்பு நடந்தது. 1977-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்திலும் இதே முறைதான். ஃபிலிம் ஒரு மயிரிழை சுருங்கினாலும் மேட்டும் படமும் பொருந்தாமல் போய், உருவத்தைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று விழும். இன்றைய மாணவரின் திரையிலும் அதே கறுப்புக் கோடு வந்து நிற்கிறது, காரணம் மட்டும் வேறு.

அந்தக் காரணத்தைப் புரிந்துகொள்ள பிக்சலிலிருந்து தொடங்க வேண்டும். கணினியில் ஒரு படம் என்பது பிக்சல் எனும் சிறு சதுரங்களின் கட்டம். ஒவ்வொரு சதுரத்துக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். 0 என்றால் இருட்டு, 1 என்றால் திரையின் முழு வெளிச்சம். 1970-களின் கடைசியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஆல்வி ரே ஸ்மித், எட் கேட்மல் இருவரும் இந்த மூன்றோடு நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். இந்தச் சதுரத்தை உருவம் எவ்வளவு மூடியிருக்கிறது என்று சொல்லும் எண் அது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஆல்ஃபா. முழுக்க மூடியிருந்தால் 1, தொடவே இல்லையென்றால் 0. பழைய மேட் படத்துக்கு வெளியே தனி ஃபிலிமாக அலைந்தது. ஆல்ஃபா படத்தின் உள்ளேயே குடிவந்துவிட்டது.

ஒரு முடியிழை வானத்தின் முன்னே நிற்கிறது. இழை பிக்சலை விட மெல்லியது. ஒரு பிக்சலின் 40 சதவீதத்தை மட்டும் மூடுகிறது. ஆல்ஃபா 0.4. முடியின் வெளிச்சம் 0.1, வானத்தின் வெளிச்சம் 0.8 என்று வைத்தால், முடியின் பங்கு 0.1 × 0.4 = 0.04. மீதமுள்ள 60 சதவீத இடத்தில் வானம் தெரியும்: 0.8 × 0.6 = 0.48. கூட்டினால் 0.52. கம்போசிட்டிங் மென்பொருளின் இதயம் இந்த ஒரு வரி. ‘ஓவர்’ என்று அதற்குப் பெயர். தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஓவர், இன், அவுட், அட்டாப் எனப் படங்களைச் சேர்க்கும் வழிகளை இயற்கணிதமாக ஒழுங்குபடுத்தியது. ஸ்மித், கேட்மல், போர்ட்டர், டஃப் நால்வருக்கும் பின்னாளில் ஆஸ்கர் அமைப்பின் தொழில்நுட்ப விருது கிடைத்தது இதற்காகத்தான்.

மேலே செய்த கணக்கில் முடியின் நிறத்தை ஆல்ஃபாவால் பெருக்கும் படி ஒன்று இருந்தது. போர்ட்டரும் டஃபும் அந்தப் பெருக்கலை முன்கூட்டியே செய்து, 0.1-க்குப் பதில் 0.04 என்றே கோப்பில் எழுதிவைக்கச் சொன்னார்கள். இப்படிப் பெருக்கி வைத்த படத்தைப் பிரிமல்ட் என்றும், பெருக்காத படத்தை ஸ்ட்ரெயிட் என்றும் சொல்வார்கள். முப்பரிமாண மென்பொருளிலிருந்து வரும் ரெண்டர்கள் பெரும்பாலும் பிரிமல்ட்டாகவே வரும். புதியவருக்கு முதல் அடி விழுவது இங்கே.

வெள்ளைச் சட்டை ஒன்று, வெளிச்சம் 0.9. அதன் விளிம்பில் ஒரு பிக்சல், ஆல்ஃபா 0.5. பிரிமல்ட் கோப்பில் அதன் மதிப்பு 0.45. பின்னணி 0.8 என்றால் சரியான விடை 0.45 + 0.4 = 0.85, சட்டைக்கும் பின்னணிக்கும் நடுவில், எதிர்பார்த்தபடி. ஆனால் கோப்பு ஸ்ட்ரெயிட் என்று மென்பொருள் நம்பினால் இன்னொரு முறை 0.5-ஆல் பெருக்கும்: 0.225 + 0.4 = 0.625. சட்டையை விடவும் இருட்டு, பின்னணியை விடவும் இருட்டு. ஆளைச் சுற்றிக் கறுப்பு நூல் ஓடுவது இதனால்தான். பெரும்பாலான பயிற்சிகள் இதற்குச் சொல்லும் வைத்தியம் விளிம்பைச் சற்று உள்ளே அரிப்பது. அரித்தால் கறுப்பு போகும், கூடவே முடியும் போகும். கோப்பு எந்த வகை என்று மென்பொருளிடம் சரியாகச் சொன்னால் அரிக்க வேண்டிய தேவையே இல்லை.

இதன் மறுபக்கம் நிறத் திருத்தத்தில் தெரியும். பிரிமல்ட் படத்தில் வெளிச்சத்தைக் கூட்ட 0.1 சேர்த்தால், உருவமே இல்லாத, ஆல்ஃபா 0 ஆன இடங்களிலும் 0.1 ஏறிவிடும். பின்னணி முழுக்க ஒரு சாம்பல் பூச்சு படரும். அதனால் முதலில் ஆல்ஃபாவால் வகுத்து, நிறத்தைத் திருத்தி, மறுபடி பெருக்க வேண்டும். மங்கலாக்குவதும் நகர்த்துவதும் இதற்கு நேர்மாறு. அவற்றைப் பிரிமல்ட் நிலையிலேயே செய்ய வேண்டும்.

அடுத்த தடுமாற்றம் வெளிச்சத்தின் அளவிலேயே இருக்கிறது. மனிதக் கண் இருட்டின் சிறு வேறுபாடுகளைக் கூர்மையாகவும், வெளிச்சத்தின் வேறுபாடுகளை மந்தமாகவும் உணரும். கணினித் திரைகளுக்கான எஸ்.ஆர்.ஜி.பி. வகை கோப்புகள் அதற்கேற்ப எண்களை வளைத்துச் சேமிக்கின்றன. இருட்டுக்கு நிறைய எண்கள், வெளிச்சத்துக்குக் கொஞ்சம். சேமிக்க இது சிக்கனம், கணக்குப் போட நஞ்சு. 0 முதல் 255 வரையுள்ள அளவில் கறுப்பையும் வெள்ளையையும் சரிபாதி கலந்தால் 128 வரும் என்று தோன்றும். ஆனால் 128 என்று எழுதிய பிக்சல் திரையில் தருவது வெள்ளையின் ஒளியில் ஏறத்தாழ 22 சதவீதம்தான். உண்மையான பாதி ஒளிக்கு எழுத வேண்டிய எண் 188. வளைந்த எண்களை வைத்துக்கொண்டே கூட்டிப் பெருக்கினால் கலப்பு நடக்கும் இடமெல்லாம் இருண்டுபோகும். கலப்பு நடக்கும் இடம் விளிம்பு. ஆகவே உள்ளே வரும் படங்களை முதலில் நேரியல் ஒளிக்கு மாற்றி, கணக்கெல்லாம் முடித்து, திரைக்கு அனுப்பும்போது மட்டும் வளைக்க வேண்டும். நியூக் போன்ற மென்பொருள்கள் இதைத் தாமாகவே செய்கின்றன. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் திட்ட அமைப்புக்குள் போய்த் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நேரியல் ஒளியில் எண்கள் 1-ஐத் தாண்டிப் போகலாம் என்பது இன்னொரு வசதி. எரியும் பல்பு வெள்ளைக் காகிதத்தை விட இருபது மடங்கு வெளிச்சம் என்றால் அதன் எண் 20. கேமரா அசைவில் அந்த ஒற்றைப் பிக்சல் ஒளி 20 பிக்சல்களுக்கு இழுபட்டால் ஒவ்வொன்றுக்கும் 1 கிடைக்கும், பளீரென்ற கோடு. எட்டு பிட் கோப்பு அதை 1-லேயே வெட்டிவிட்டிருந்தால் ஒவ்வொன்றுக்கும் 0.05தான், அழுது வடியும் கோடு. இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம் தனக்காக உருவாக்கி 2003-இல் எல்லாருக்கும் திறந்துவிட்ட ஓப்பன் இ.எக்ஸ்.ஆர். கோப்பு வகை இந்த வெட்டைத் தவிர்க்கத்தான். அதன் 16 பிட் மிதவை எண்கள் 65,504 வரை போகும். இன்று உலகெங்கும் ஸ்டூடியோக்கள் பிளேட்டுகள் எனப்படும் கேமராவில் எடுத்த மூலக்காட்சிகளையும் ரெண்டர்களையும் கைமாற்றிக்கொள்வது பெரும்பாலும் இதில்தான்.

மென்பொருள்களைப் பொறுத்தவரை இரண்டு குடும்பங்கள். 1993-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு சிறு நிறுவனம் வெளியிட்டு, அடுத்த ஆண்டே அடோபியின் கைக்கு வந்த ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் லேயர் குடும்பம். தாள்மேல் தாளாக அடுக்கி மேலிருந்து பார்ப்பதுபோல். தலைப்பெழுத்துகள், விளம்பரங்கள், இரண்டு மூன்று படங்கள் மட்டும் சேரும் காட்சிகளுக்கு இது விரைவு. நாற்பது அடுக்கு சேர்ந்த பிறகு, எந்தத் திருத்தம் எதைப் பாதிக்கிறது என்று தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுவது.

மற்றது நோடு குடும்பம். ஒவ்வொரு செயலும் ஒரு பெட்டி. பெட்டிகளைக் கோடுகள் இணைக்கின்றன. படம் குழாய்த் தண்ணீர்போல் மேலிருந்து கீழே ஓடுகிறது. ஒரே பிளேட்டை நான்கு இடங்களுக்குக் கிளை பிரிக்கலாம். நடுவில் எந்த மூட்டிலும் நிறுத்தி என்ன ஓடுகிறது என்று பார்க்கலாம். 1993-இல் டிஜிட்டல் டொமைன் ஸ்டூடியோவுக்குள் பிறந்து, 2007 முதல் லண்டனின் ஃபவுண்டரி நிறுவனம் வளர்த்துவரும் நியூக் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஃபியூஷன், பிளெண்டரின் கம்போசிட்டர், நேட்ரான் ஆகியவையும் இதே வழி. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்புக்குள் ஃபியூஷன் இருக்கிறது. பிளெண்டரும் நேட்ரானும் முழுக்க இலவசம். நியூக்கில் வணிகத்துக்கல்லாத பதிப்பு ஒன்று கற்பவர்களுக்கென்றே உண்டு. எதில் தொடங்குவது என்ற கேள்விக்குத்தான் புதியவர்கள் வாரக்கணக்கில் தலையை உடைத்துக்கொள்கிறார்கள். ஃபியூஷனில் ‘மெர்ஜ்’ என்பதும் பிளெண்டரில் ‘ஆல்ஃபா ஓவர்’ என்பதும் அந்த 0.52 கணக்கேதான். முன்பு ஸ்டூடியோக்களை ஆண்டுகொண்டிருந்த ஷேக் என்ற மென்பொருளை ஆப்பிள் 2009-இல் நிறுத்தியபோது, அதில் தேர்ந்தவர்கள் தொழிலை விட்டுப் போகவில்லை, நியூக்குக்கு மாறிக்கொண்டார்கள்.

கற்பவர் ஆசையோடு முதலில் தொடும் கருவி கீயிங். ஆளைப் பச்சைத் துணிக்கு முன் நிறுத்திப் படமெடுத்து, பச்சையை மட்டும் நீக்குவது. தமிழ்ப் படப்பிடிப்புத் தளங்களில் அந்தத் துணிக்குக் கிரீன் மேட் என்று பெயர். ஏன் பச்சை? மனிதத் தோலில் சிவப்பு மேலோங்கி இருப்பதால் பச்சையும் நீலமும் தோலிலிருந்து எளிதாகப் பிரியும். ஃபிலிம் காலத்தில் நீலமே ஆட்சி செய்தது. 1940-இல் வந்த ‘பாக்தாத் திருடன்’ படத்தில் லாரி பட்லர் அதைப் பயன்படுத்தி ஆஸ்கர் பெற்றார். டிஜிட்டல் கேமராக்களில் நிலைமை மாறியது. கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் வகுத்த, பெரும்பாலான கேமராக்களில் இன்றுமுள்ள நிற வடிகட்டியில், சிவப்புக்கும் நீலத்துக்கும் தலா ஒரு பங்கென்றால் பச்சைக்கு இரண்டு பங்கு உணரிகள். பச்சையில் விவரம் அதிகம், படத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் இரைச்சல் குறைவு.

கீயிங் எப்படி நடக்கிறது என்பதைக் கையாலேயே போட்டுப் பார்த்துவிடலாம். பச்சைத் துணியின் பிக்சல்: சிவப்பு 0.2, பச்சை 0.7, நீலம் 0.2. பச்சையிலிருந்து மற்ற இரண்டில் பெரியதைக் கழித்தால் 0.5. முகத்தின் பிக்சல்: 0.7, 0.5, 0.4. கழித்தால் 0-க்கும் கீழே. அங்கே துணி இல்லை. இப்போது பாதி முடி, பாதி துணியாக உள்ள விளிம்புப் பிக்சல்: 0.15, 0.39, 0.13. கழித்தால் 0.24, துணியின் 0.5-இல் இது 48 சதவீதம். ஆகவே ஆல்ஃபா 0.52. உண்மை 0.5, இவ்வளவு எளிய கழித்தலுக்கு இது மோசமில்லை. பெட்ரோ விலாஹோஸ் 1959-இல் வந்த ‘பென்-ஹர்’ படத்துக்காக உருவாக்கிய நிற வேறுபாட்டு முறையின் சாரம் இந்தக் கழித்தல்தான், அவர் அதை நீலத்திரைக்கு ஃபிலிமிலேயே செய்தார்.

ஆனால் ஒவ்வொரு பிக்சலிலும் தெரிந்த எண்கள் மூன்று. தெரியாதவை நான்கு: உருவத்தின் சிவப்பு, பச்சை, நீலம், ஆல்ஃபா. மூன்று சமன்பாடுகளை வைத்து நான்கு மாறிகளைக் கண்டுபிடிக்க முடியாது என்பது பத்தாம் வகுப்புப் பாடம். இரண்டு வெவ்வேறு நிறப் பின்னணிகளின் முன் அதே பொருளை எடுத்தால்தான் பொதுவான தீர்வு கிடைக்கும் என்று ஆல்வி ரே ஸ்மித்தும் ஜிம் பிளின்னும் 1996-இல் காட்டினார்கள். நடிகரை அப்படி அசையாமல் இருமுறை எடுப்பது நடக்காத காரியம். எனவே சந்தையிலுள்ள ஒவ்வொரு கீயிங் கருவியும் ஒரு ஊகம். ஒரே சொடுக்கில் எல்லா விளிம்பும் சுத்தமாக வராதது கற்பவரின் கைக்குற்றம் அல்ல. தேர்ந்தவர்கள் முடிக்கு ஒரு கீ, உடலின் நடுவுக்கு ஓட்டை விழாத கெட்டியான ஒரு கீ, காலடிக்குக் கையால் வரைந்த மேட் எனப் பிரித்துச் செய்து ஒட்டுகிறார்கள்.

அந்த நான்காவது எண்ணை நேரடியாகவே படமெடுத்துவிட்ட முறை ஒன்றும் இருந்தது. 1964-இல் வந்த டிஸ்னியின் ‘மேரி பாப்பின்ஸ்’ படத்துக்குப் பின்னணித் திரையில் சோடியம் ஆவி விளக்கு போட்டார்கள். தெருவிளக்காக நெடுங்காலம் எரிந்த அதே மஞ்சள் விளக்கு. அதன் ஒளி ஏறத்தாழ 589 நானோமீட்டர் என்ற மிகக் குறுகிய அலைநீளத்தில் மட்டும் வரும். கேமராவுக்குள் இருந்த சிறப்புப் பட்டகம் அந்த ஒளியைத் தனியே பிரித்து இரண்டாவது ஃபிலிமில் மேட்டாகப் பதிந்தது. மற்ற நிறங்கள் முதல் ஃபிலிமில் சேதமில்லாமல் நின்றன. இதன் பின்னணியிலும் விலாஹோஸ் இருந்தார்.

கீ கிடைத்த பிறகும் துணியின் பச்சை, கன்னத்திலும் முடியிலும் எதிரொளித்து ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்பில் என்பார்கள். பச்சை எண் மற்ற இரண்டில் பெரியதைத் தாண்டினால் அதுவரை வெட்டிவிடுவது எளிய மருந்து. மேலுள்ள விளிம்புப் பிக்சலில் 0.39 என்பது 0.15 ஆகும். நடிகையின் பச்சைப் புடவையும் சேர்ந்து சாயம் போகும் என்பது அதன் பக்கவிளைவு.

பச்சைத் துணி போட முடியாத இடத்தில் கையே துணை. மாக்ஸ் ஃபிளெய்ஷர் 1915-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ரோட்டோஸ்கோப், நடிகரின் அசைவை ஃபிரேம் ஃபிரேமாகக் கண்ணாடியில் பாய்ச்சி மேலே வரைந்துகொள்ளும் கருவி. ரோட்டோ என்ற பெயர் அதிலிருந்து வந்தது. ஐந்து விநாடிக் காட்சியில் 120 ஃபிரேம்கள். புதியவர் ஆளின் முழு வடிவத்தையும் ஒரே கோட்டில் சுற்றிவளைத்து, ஃபிரேமுக்கு ஃபிரேம் புள்ளிகளைத் தள்ளுவார். விளிம்பு கொதிநீர்போல் நடுங்கும். தலை, மேல்கை, முன்கை, தொடை எனத் தனி வடிவங்களாகப் பிரித்து, புள்ளிகளைக் குறைத்து, அசைவு திசைமாறும் ஃபிரேம்களில் மட்டும் கீஃபிரேம் வைத்தால் நடுவிலுள்ளதை மென்பொருள் நிரப்பிக்கொள்ளும். எந்திரக் கற்றல் மென்பொருள்கள் இப்போது இந்த வேலையில் கணிசமான பகுதியை வாங்கிக்கொண்டுவிட்டன. உடலை நன்றாகவே வெட்டுகின்றன. அசைவில் மங்கிய விரலிலும் முடியிலும் மனிதர் மறுபடி உட்கார வேண்டியிருக்கிறது. சென்னை, ஹைதராபாத், மும்பை ஸ்டூடியோக்களில் புதியவருக்குக் கிடைக்கும் முதல் இருக்கை பெரும்பாலும் ரோட்டோவிலோ, கயிறு போன்றவற்றை அழிக்கும் பெயிண்டிலோதான். அலுப்பான வேலை. ஆனால் விளிம்பை இவ்வளவு நேரம் உற்றுப் பார்க்க வேறெந்த வேலையும் வாய்ப்பு தராது.

கேமரா அசைந்தால் ஒட்டியதும் கூடவே அசைய வேண்டும், அதற்கு டிராக்கிங். மென்பொருள் ஒரு சிறு கட்டத்தை எடுத்துக்கொண்டு அடுத்த ஃபிரேமில் அதைப்போன்ற இடத்தைத் தேடுகிறது. லூகாஸ், கனாடே இருவரும் 1981-இல் வெளியிட்ட முறை இதன் வேர்களில் ஒன்று. சுவரின் நேரான ஓரத்தைக் கொடுத்தால் கட்டம் ஓரத்தோடு வழுக்கிக்கொண்டு போகும், ஏனென்றால் ஓரம் நெடுக ஒரே மாதிரி. ஜன்னலின் மூலையைக் கொடுத்தால் பிடி நிற்கும். ஒரு புள்ளி இடப்பெயர்ச்சியைச் சொல்லும். இரண்டு புள்ளிகள் சுழற்சியையும் அளவு மாற்றத்தையும். நான்கு புள்ளிகள் கிடைத்தால் செல்போன் திரைக்குள் வேறு படத்தைப் பொருத்திவிடலாம். கேமராவின் முழுப் பாதையையும் மீட்க, அருகிலுள்ளது வேகமாகவும் தூரத்திலுள்ளது மெதுவாகவும் நகரும் வேறுபாடு தேவை. பேருந்து ஜன்னலில் மின்கம்பம் ஓட, மலை நிற்பது அதே வேறுபாடு. முக்காலியில் நின்று தலையை மட்டும் திருப்பும் கேமராவில் அது இருக்காது, ஆழமும் கிடைக்காது.

ஒட்டிய பொருள் ஒட்டியதுபோல் தெரிவதற்குக் காரணங்கள் சில்லறையானவை. தூரத்து மலையில் முழுக் கறுப்பு கிடையாது, நடுவிலுள்ள காற்றும் தூசியும் அதை வெளுக்கச் செய்யும். அங்கே ஒட்டிய கோட்டையில் மட்டும் மைக் கறுப்பு இருந்தால் அது மலைமேல் நிற்காது, கேமராவின் கண்ணாடியில் ஒட்டியதுபோல் மிதக்கும். 24 ஃபிரேமில் ஓடும் படத்தில் ஷட்டர் வழக்கமாக 1/48 விநாடி திறந்திருக்கும். அந்த நேரத்தில் நகர்ந்ததற்கேற்ற மங்கல், சேர்த்த பொருளிலும் வேண்டும். பிளேட்டில் இரைச்சல் இருக்கிறது, கணினி உருவத்தில் இல்லை. சேர்க்க வேண்டும், அதுவும் மூன்று நிறங்களுக்கும் ஒரே அளவில் அல்ல, நீலத்தில் பொதுவாக இரைச்சல் கூடுதல். பின்னணி மிக வெளிச்சமாக இருந்தால் லென்ஸுக்குள் அது கொஞ்சம் சிதறி முன்னிற்பவரின் விளிம்பைத் தின்னும். அதையும் போலி செய்ய வேண்டும், ஒரு சிட்டிகை மட்டும். இந்த விளிம்பு ஒளியை அள்ளிப் பூசுவது முதலாண்டு மாணவரின் கையெழுத்து.

பயிற்சிக்குச் செல்போனில் எடுத்த காட்சி போதும் என்று நினைப்பது இயல்பு; அதில் சில கண்ணிகள் உண்டு. போன்கள் பலவும் ஃபிரேம் வேகத்தை நடுவில் மாற்றும், வெளிச்சத்தையும் ஃபோகஸையும் தாமாகத் திருத்தும், நிற விவரத்தை நான்கு பிக்சலுக்கு ஒன்றாகச் சுருக்கும். கடைசியாகச் சொன்னது கீயிங்குக்கு எமன். கீ பிறப்பதே நிறத்திலிருந்து என்பதால் விளிம்பு படிக்கட்டாக உடையும். வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டிவைத்து எடுத்து, ஃபிரேம்களை எண்ணிட்ட தனிப் படங்களாக மாற்றிக்கொண்டால் பாதி தொல்லை தீரும். ஸ்டூடியோக்களில் முதல் ஃபிரேமுக்கு 1001 என்று எண்ணிடும் பழக்கம் பரவலாக உண்டு. காட்சியின் முன்பக்கம் பிறகு நீண்டாலும் எண் 0-க்குக் கீழே இறங்காது, இலக்கமும் நான்காகவே இருக்கும். நல்ல கேமராவில் எடுத்த மூலக்காட்சி வேண்டுவோருக்கு, பிளெண்டர் அறக்கட்டளை 2012-இல் வெளியிட்ட ‘டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்’ குறும்படத்தின் பிளேட்டுகள் இலவசமாகவே இருக்கின்றன.

முதல் பயிற்சி சிறியதாக இருப்பது நல்லது: அசையாத கேமரா, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே வேறு வானம். பிறகு அதே காட்சியில் கேமராவைக் கையில் பிடித்து. பிறகு ஜன்னலின் குறுக்கே ஒருவர் நடந்து போக. மூன்றாவதில் ரோட்டோ, டிராக்கிங், ஓவர் மூன்றும் வந்துவிடும். வெடிப்பும் பறக்கும் காரும் காத்திருக்கலாம்.

கணினி திணறும்போது அதன் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். 1920-க்கு 1080 அளவுள்ள ஒரு ஃபிரேமில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்சல்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு எண்கள். 32 பிட் மிதவையில் எண்ணுக்கு 4 பைட். ஃபிரேமுக்கு 33 எம்.பி., 120 ஃபிரேமுக்கு ஏறக்குறைய 4 ஜி.பி., அதுவும் ஒரே ஒரு அடுக்குக்கு. நீள அகலத்தில் பாதியான, பிராக்சி எனப்படும் நகலில் வேலை செய்தால் சுமை கால்வாசியாகக் குறையும். கீ, ரோட்டோ விளிம்புகளைத் தீர்மானிக்கும்போது மட்டும் முழு அளவுக்குத் திரும்ப வேண்டும்.

ரெண்டருக்கு அனுப்புமுன் பார்வைத் திரையின் வெளிச்சத்தை முதலில் மிக அதிகமாகவும் பிறகு மிகக் குறைவாகவும் தள்ளிப் பார்ப்பார்கள். சாதாரண நிலையில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு கறுப்புகள் அப்போது பிரிந்து நிற்கும். மறந்துபோன மேட்டின் சதுர ஓரம் எட்டிப்பார்க்கும். அடுத்து சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றாக. பின் ஆல்ஃபா மட்டும், ஆளின் வயிற்றில் ஓட்டை இருக்கிறதா என்று. கடைசியாக, நிறுத்தாமல் முழு வேகத்தில், முந்தைய ஷாட்டோடும் பிந்தைய ஷாட்டோடும் சேர்த்து. நிறுத்திப் பார்த்தபோது பூதமாகத் தெரிந்த பிழைகளில் பல அந்த ஓட்டத்தில் காணாமல் போகும். நிறுத்தியபோது தெரியாத விளிம்பு நடுக்கம் அப்போதுதான் கண்ணில் குத்தும்.